கச்சான் காற்றில் கிளவுட் கேமிங் தாங்குமா? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் அக்கா வீடு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் போயிருந்தேன். கல்லூரி திறக்கக் காத்திருந்த மருமகன் லேப்டாப்பை டிவியில் செருகி, கையில் கன்ட்ரோலரோடு கிளவுட் கேமிங்கில் உட்கார்ந்திருந்தான். கார்ப் பந்தயம். வளைவு வருகிறது, இவன் திருப்புகிறான், கார் நேரே போய்ச் சுவரில் முட்டுகிறது, முட்டிய பிறகு திரும்புகிறது. நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அதே சுவர்.

"மாமா, ஸ்பீட் டெஸ்ட்ல 94 காட்டுது. அப்புறம் என்ன கேடு இதுக்கு?" என்றான்.

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மூன்று வாரம் மண்டபத்தில் என் வீட்டிலும், பாலம் தாண்டி அவன் வீட்டிலுமாக அளந்து, கழற்றி, மாற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் எங்கே இருந்தாலும் இதே வரிசையில் செய்து பார்க்கலாம். கிளவுட் கேமிங் சந்தா கட்டுவது கடைசிப் படி. பலரும் அதை முதல் படியாகச் செய்துவிட்டுத்தான் புலம்புகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஃபைபர் வந்துவிட்ட வீடுகளில் வேகம் போதும். அது சீராக வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் சீரைக் கெடுப்பவற்றில் பாதி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மீதி தெருக்கம்பத்துக்கும் உங்கள் சுவருக்கும் நடுவில்.

விளையாட்டு எங்கே ஓடுகிறது

கிளவுட் கேமிங்கில் விளையாட்டு உங்கள் வீட்டில் ஓடுவதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் கணினியில் ஓடுகிறது. பொத்தானை அமுக்கினால் அந்தச் செய்தி அங்கே போக வேண்டும். அங்கே கார் திரும்ப வேண்டும். திரும்பிய காட்சி வீடியோவாகச் சுருங்கி உங்கள் திரைக்கு வர வேண்டும். விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட்.

யூடியூபும் வீடியோதானே, அது மட்டும் எப்படி நன்றாக ஓடுகிறது என்று கேட்கலாம். யூடியூப் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும். தண்ணி லாரி வரும்போது குடங்களில் பிடித்து வைக்கிற வேலை அது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாரி ஒரு நாள் தாமதமானாலும் வீட்டில் சோறு வெந்துவிடும். விளையாட்டில் குடமே கிடையாது. அடுத்த நொடி நீங்கள் இடது பக்கம் போவீர்களா வலது பக்கம் போவீர்களா என்று தெரியாமல் காட்சியை முன்கூட்டி எப்படிப் பிடித்து வைப்பது? குழாயில் வருவதை அப்படியே குடிக்க வேண்டியதுதான். குழாய் ஒரு கணம் கமறினால் உங்களுக்கும் கமறும்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஆன்லைவ் என்ற சேவை 2010-லேயே இதைத் தொடங்கி 2015-ல் மூடிக்கொண்டது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் நின்றுபோனது. இந்தியாவுக்கு அது வரவே இல்லை. நமக்கு ஜியோவின் கிளவுட் கேமிங் சில ஆண்டுகளாக இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் வந்து சேர்ந்தது. ஆக, கடை திறந்தாகிவிட்டது. நம் வீட்டுக் கம்பி தயாரா என்பதுதான் பாக்கி.

படி 1: என்ன விளையாடப் போகிறீர்கள்?

செஸ், சீட்டு, நகரம் கட்டுகிற விளையாட்டு, நிதானமாகக் கதை போகிற சாகசம் ஆகியவற்றுக்குத் தாமதம் 100 மில்லி செகண்ட் இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. கார்ப் பந்தயம், கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் 60-க்குள் இருந்தால் சுகம். துப்பாக்கிச் சண்டையும் நேருக்கு நேர் அடிதடியும் 40-க்குள் இல்லாவிட்டால் எதிராளி உங்களைப் பந்தாடிவிடுவான். போட்டிகளில் கலந்துகொள்ளும் ஆள் என்றால், உண்மையைச் சொல்கிறேன், கிளவுட் கேமிங் உங்களுக்கானது அல்ல. ஒரு நல்ல போனோ பழைய கன்சோலோ வாங்குங்கள்.

படி 2: வேகக் கணக்கு

இது சின்ன வேலை. ஜிஃபோர்ஸ் நவ் சேவை தானே வெளியிட்டிருக்கும் கணக்கு இது: 720பி தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 15 மெகாபிட்), 1080பி-க்கு 25, விநாடிக்கு 120 படம் வேண்டுமென்றால் 35, 4கே-க்கு 45. சில சேவைகள் இதைவிடக் குறைவாகவும் கேட்கும். அரசாங்கக் கணக்கில் பிராட்பேண்ட் என்ற பெயருக்குக் குறைந்தபட்சத் தகுதி 2 எம்பிபிஎஸ். அதையும் 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து உயர்த்தினார்கள். அந்தச் சொல்லை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

விளையாட்டுக்கு 25, இன்னொரு அறையில் ஓடும் டிவிக்கு 8, நாலு போனுக்கு மீதி என்று போட்டால் 50 எம்பிபிஎஸ் திட்டம் தாங்கும். 100 இருந்தால் தாராளம். கிளவுட் கேமிங்குக்காக மட்டும் அதற்கு மேல் பணம் கட்டுவது வீண்.

டேட்டாக் கணக்கைத்தான் கவனமாகப் போட வேண்டும். 15 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 6.75 ஜிபி, 25 ஓடினால் 11.25 ஜிபி. தினம் 2 மணி நேரம், 1080பி என்றால் மாதம் 675 ஜிபி. 3,300 ஜிபி வரம்புள்ள ஃபைபர் திட்டத்தில் இது ஒன்றுமில்லை. 1,000 ஜிபி வரம்புள்ள 5ஜி வீட்டு இணைப்பில், பிள்ளைகளின் விடுமுறை மாதம் வந்தால் 20-ம் தேதிக்கே மூச்சு முட்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் முயல்கிறவர்கள் இதையும் பாருங்கள்: நாளைக்கு 2 ஜிபி பேக் 720பி-யில் சரியாக 18 நிமிடம் கூடத் தாங்காது.

படி 3: தூரத்தை விளங்கிக்கொள்ளுங்கள்

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். போக வர என்றால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி செகண்ட் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்திலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். ஆக, கம்பி நேராக இருந்தால் 5 அல்லது 6 மில்லி செகண்ட். மும்பை, புனே என்றால் 15-லிருந்து 20. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போகிற கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். அது மட்டுமே 30-ஐத் தாண்டிவிடும்.

நடைமுறையில் இதற்கு மேல் கூடும். உங்கள் தெருவிலிருந்து புறப்பட்ட செய்தி மதுரை, சென்னை என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று போகிறது. சின்ன நிறுவனத்தின் இணைப்பு என்றால் அவர் யாரிடம் மொத்தமாக வாங்குகிறாரோ அவர் வழியாகத்தான் போகும். ராமேஸ்வரத்திலிருந்து சாயல்குடிக்கு ராமநாதபுரம் போய் பஸ் மாறுகிற மாதிரி, சமயத்தில் சுற்றிக்கொண்டும் போகும்.

பெரிய நிறுவனங்களின் தரவு மையங்கள் எங்கே இருக்கின்றன என்பது ரகசியம் இல்லை. மைக்ரோசாஃப்டுக்கு புனே, சென்னை, மும்பையில் இருக்கின்றன. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும். இந்த மையங்களுக்கு உங்கள் பிரவுசரிலிருந்தே தாமதத்தை அளந்து காட்டும் இலவசப் பக்கங்கள் உண்டு. சந்தா எடுப்பதற்கு முன் அதில் ஒரு தரம் பாருங்கள். இந்திய மையம் எதுவுமே 60-க்குள் வரவில்லை என்றால், வீட்டுக்குள் என்ன செய்தாலும் பெரிய பலன் இருக்காது.

ஓர் எச்சரிக்கை. கீழக்கரையில் துபாயிலிருந்து விடுப்பில் வந்த நண்பர் ஒருவர், "இங்கே நெட் சரியில்லை காக்கா, அங்கே வெண்ணெய் மாதிரி ஓடும்" என்று என்னிடம் குறைபட்டார். போனை வாங்கிப் பார்த்தேன். மேலே விபிஎன் சாவிக் குறி. அங்கே எடுத்த கணக்குக்காக விபிஎன்னை எப்போதும் போட்டே வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு செய்தியும் வளைகுடாவுக்குப் போய்த்தான் திரும்புகிறது. அணைத்ததும் பிங், அதாவது செய்தி போய் வரும் நேரம், பாதிக்கும் கீழே இறங்கியது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், குறை சொல்ல ஊர் கிடைக்கவில்லையே என்று.

படி 4: ஒரு நோட்டும் ஒரு வாரமும்

ஸ்பீட் டெஸ்ட் நமக்கு இங்கே பெரிதாக உதவாது. அது ஒரே நேரத்தில் பல இணைப்புகளைப் போட்டு இழுக்கும். வழியில் விழுந்துபோனதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். கடைசியில் பெரிதாகக் காட்டுவது மொத்தம் எவ்வளவு வந்தது என்பதைத்தான். விளையாட்டில் விழுந்த படத்தை மறுபடி கேட்க நேரமில்லை.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இரண்டு பிங் (ping) ஓட விடுங்கள். விநாடிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, அது போய் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை அது. ஒன்று உங்கள் ரவுட்டருக்கு. பெரும்பாலும் அதன் முகவரி 192.168.1.1, இல்லையென்றால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். இன்னொன்று வெளியே, 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு. முகவரிக்குப் பின் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் போட்டால் நிறுத்தும்வரை ஓடும். ஐந்து நிமிடம் விட்டு, கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அமுக்கினால் குறைந்தது, கூடியது, சராசரி, எத்தனை விழுந்தது என்ற கணக்கு வரும். போனில் செய்ய இலவசச் செயலிகள் இருக்கின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம். ரவுட்டருக்கான பிங்கே 3, 5, 90, 4, 140 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் அமைதியாக இருந்து வெளி முகவரி மட்டும் குதித்தால் கோளாறு வாசலுக்கு அந்தப் பக்கம். இது தெரியாமல்தான் பாதிப் பேர் கேபிள்காரரோடு சண்டை போடுகிறார்கள், மீதிப் பேர் புது ரவுட்டர் வாங்குகிறார்கள்.

காலை 6, மதியம் 3, ராத்திரி 9 என மூன்று வேளை, ஒரு வாரம். நோட்டில் தேதி, நேரம், குறைந்தது, கூடியது, விழுந்தது என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக இன்னொரு கட்டமும் போடுங்கள்: காற்று. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது தேவைப்படாது. கச்சானா, வாடையா, காற்றே இல்லையா, மழையா என்று ஒரு சொல் போதும். ஏன் என்பது படி 7-ல் தெரியும்.

அளவுகோல்: சராசரி 40-க்குள் இருந்தால் நல்லது, 80 வரை சமாளிக்கலாம். கூடியதற்கும் குறைந்ததற்கும் இடைவெளி 20-ஐத் தாண்டினால் கையில் உணர்வீர்கள். 300-ல் மூன்று விழுந்தால்கூட, அதாவது 1 சதவீதம் போனால்கூட, திரையில் கட்டம் கட்டமாகச் சிதறும்.

மருமகன் வீட்டு நோட்டின் முதல் நாள்: காலை 6 மணிக்குக் குறைந்தது 21, கூடியது 33, விழுந்தது பூஜ்யம். ராத்திரி 9 மணிக்குக் குறைந்தது 22, கூடியது 310, முந்நூறில் எட்டு விழுந்தது.

படி 5: வீட்டுக்குள்

முதலில் ஒரு லேன் கேபிள் வாங்கி ரவுட்டரிலிருந்து நேரே செருகிப் பாருங்கள். வேறு எது செய்தாலும் இந்த அளவு பலன் கிடைக்காது. கேட்-6 கேபிள் 15 மீட்டர், சில நூறு ரூபாய். ரவுட்டருக்கான பிங் ஒன்றுக்கும் கீழே வந்து அசையாமல் நிற்கும்.

கம்பி இழுக்க வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 2.4-ல் பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே சந்தில் நெருக்கியடிக்கும். 5-க்குச் சுவர் ஆகாது. இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். நம் வீடுகளில் கம்பி உள்ளே வரும் இடத்திலேயே, வாசல் பக்கம் மீட்டர் பெட்டிக்கு மேலே ஓர் ஆணி அடித்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை விளையாடுகிற அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபைபரைக் கூடப் பத்து மீட்டர் இழுப்பது பெரிய வேலையில்லை. அக்கா வீட்டில் ரவுட்டருக்கு முன்னால் மாதா படம் மாட்டியிருந்தது. படத்தை நகர்த்த அக்கா சம்மதிக்கவில்லை. ரவுட்டரை நகர்த்தினோம்.

அப்புறம் டிவி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டிவிகள் படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொன்றையும் பிடித்து வைத்துப் பூசி அனுப்பும். அதிலேயே 50-லிருந்து 100 மில்லி செகண்ட் போய்விடும். அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் பூச்சு நிற்கும். செலவு பூஜ்யம். மருமகன் கார் பாதி திருந்தியது இதில்தான். கன்ட்ரோலரையும் புளூடூத் விட்டு யுஎஸ்பி கம்பியில் செருகினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

படி 6: அக்காவின் கல்யாண போட்டோக்கள்

இரண்டாம் நாள் ராத்திரி பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டர் பக்கம் சுத்தமாக இருந்தது. வெளிப் பக்கம் 22, 23, 22 என்று போனது, திடீரென்று 180, 240, 260. எழுந்து போய்ப் பார்த்தால், அக்கா அடுப்படியில் போனைச் சார்ஜில் போட்டிருந்தாள். யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த நானூறு போட்டோவும் வீடியோவும் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தன. போன் சார்ஜில் இருந்து, வைஃபையும் இருந்தால்தான் அது ஏற்றும். அதனால் தினம் ராத்திரி அதே நேரத்தில்.

ரவுட்டரில் ஒரு வரிசை இருக்கிறது. பெரிய கோப்பு ஏறும்போது அந்த வரிசை நிரம்பும். உங்கள் பொத்தான் செய்தி ஒரு சின்னத் துணுக்குதான், ஆனாலும் அந்தக் கூட்டத்தின் வாலில் போய் நிற்க வேண்டும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். வேகம் கூட்டினால் தீரும் நோய் இல்லை. வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும்.

ரவுட்டர் அமைப்பில் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85-லிருந்து 90 சதவீதத்தை வரம்பாகப் போடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை உங்கள் ரவுட்டரின் கைக்குள் வரும். எஸ்கியூஎம் ஆக இருந்தால் அது சின்னச் செய்திகளை முன்னால் விடும். நிறுவனம் கொடுத்த இலவச ரவுட்டரில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அப்போது அதன் பின்னால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போடக்கூடிய ரவுட்டர் ஒன்றை வைக்கலாம். இல்லாவிட்டால் நாங்கள் செய்ததைச் செய்யலாம்: போட்டோ ஏற்றத்தை அக்கா போனில் நிறுத்தி, காலையில் கையால் ஏற்றச் சொன்னோம். இதுவும் ஒரு தொழில்நுட்பம்தான்.

படி 7: வாசலுக்கு அந்தப் பக்கம்

இத்தனைக்குப் பிறகும் நோட்டில் சில ராத்திரி ஐந்து, ஆறு விழுந்தன. சில ராத்திரி ஒன்றுமே இல்லை. ராத்திரிக் கூட்டம், எல்லாரும் சீரியல் பார்க்கிற நேரம், அதனால்தான் என்று நினைத்தேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். சுத்தமாக இருந்தது. காற்றுக் கட்டத்தைப் பார்த்தேன். ஞாயிறு ராத்திரி காற்று இல்லை. விழுந்த ராத்திரி ஒவ்வொன்றிலும் கச்சான்.

மறுநாள் காலை ஏணி போட்டு ஏறினேன். தெருக்கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி. அதுவரை ஃபைபர் வருகிறது. பெட்டிக்குள் ஒரு சுவிட்ச். அங்கிருந்து அக்கா வீட்டு மாடிச் சுவர் வரை நாற்பது மீட்டர் சாதாரண லேன் கேபிள், பனைமரத்தில் நைலான் கயிற்றால் ஒரு கட்டு, அப்புறம் அந்தரத்தில். மாடிச் சுவரில் அது இன்னொரு கேபிளோடு சேரும் இடத்தில் ஒரு இணைப்பான், மேலே சுற்றிய டேப் காற்றில் பாதி பிரிந்திருந்தது. உருவினேன். எட்டுப் பின்னில் மூன்று, கழுவாமல் வைத்த குத்துவிளக்கு மாதிரிப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. காற்றில் கம்பி ஆடும்போது இந்தப் பின்கள் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கின்றன.

அப்போதுதான் அந்த 94 உறைத்தது. அக்காவிடம் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 200 எம்பிபிஎஸ் திட்டம். லேன் கேபிளில் நான்கு ஜோடி இருக்கிறது. கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி போனால்கூட இரு முனைக் கருவிகளும் பேசிவைத்துக்கொண்டு இரண்டு ஜோடி போதும் என்று 100-க்கு இறங்கிவிடும். 100 எம்பிபிஎஸ் கம்பியில் மேலதிகச் செலவுகள் போக ஸ்பீட் டெஸ்டில் கிடைப்பது 94, 95. அதனால் உங்கள் திட்டம் 100-க்கு மேல் இருந்து, எப்போது அளந்தாலும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு ஜோடி எங்கோ செத்துக்கிடக்கிறது, அல்லது வழியில் பழைய 100 எம்பிபிஎஸ் பெட்டி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

இணைப்பு தந்த நிறுவனத்திடம் சொன்ன மறுநாளே அங்கிருந்து பையன் ஒருவன் வந்தான். பார்த்தவுடன் சிரித்தான். "கடக்காத்துண்ணே. ஆறு மாசத்துக்கு ஒருக்கா தலைய மாத்தணும். யாரும் கூப்பிடுறதில்ல, நெட்டுதான் ஓடுதேன்னு விட்டுருவாங்க." நடுவிலிருந்த இணைப்பையே தூக்கிவிட்டு, வெளியில் போடுவதற்கென்று வரும் கறுப்புறைக் கேபிளை ஒரே நீளமாக இழுத்து, இரண்டு முனைக்கும் புதுத் தலை கிரிம்ப் செய்தான். சுவரில் நுழைவதற்கு முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடச் சொன்னேன். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது.

இதைவிட நல்லது, ஃபைபரையே வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்வது. கண்ணாடிக்குத் துரு கிடையாது, களிம்பு கிடையாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஃபைபர்தான் என்றால் பார்க்க வேண்டியவை வேறு. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 15-லிருந்து 25-க்குள் என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழை, காற்று, எதற்கும் அறுந்துபோகும். இழையைக் கூர்மையாக மடித்தோ கயிற்றால் இறுக்கியோ கட்டியிருந்தால் ஒளி அங்கே கசியும். பச்சை முனை பச்சையோடும் நீல முனை நீலத்தோடும்தான் சேர வேண்டும். கையில் கிடைத்ததைச் செருகினால் அங்கேயும் இழப்பு. முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

நிறுவனத்துக்குப் புகார் சொல்லும்போது "கேம் லேக் ஆகுது" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "ரவுட்டருக்கு ஒரு மில்லி செகண்ட், வெளியே 300, காற்றடித்தால் இரண்டு சதவீதம் லாஸ்" என்று நோட்டைப் படித்தால் ஆள் வருகிறது.

படி 8: கரண்ட்

ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். வாங்கும் முன் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வீடு வரை ஃபைபர் வந்திருந்தால் தெருவில் ஒளியை வீடுகளுக்குப் பிரித்துவிடும் பிரிப்பானுக்குக் கரண்டே வேண்டாம், அதனால் உங்கள் தெரு இருண்டாலும் இணையம் ஓடும். கம்பத்துப் பெட்டியில் சுவிட்ச் இருந்தால் அது அணைந்ததும் உங்கள் யுபிஎஸ் வெறுமனே விளக்கெரித்துக்கொண்டிருக்கும். ஃபைபர் கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஃபைபர் வராத இடம் என்றால்

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது; நம் மாவட்டத்துக்கு 429 ஊராட்சிகள். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி உங்கள் வீடு வரை தானாக நடந்து வராது. உள்ளூரில் யார் வீட்டு இணைப்பு தருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

5ஜி வீட்டு இணைப்பில் வேகம் அள்ளும், பிங் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். டவர் கண்ணுக்குத் தெரிகிற திசையில் பெட்டியை மாட்டுங்கள், நோட்டுப் பரீட்சையை இரண்டு வாரம் செய்யுங்கள். கடலோரத்துக்கு என்று ஒரு விசித்திரமும் உண்டு. நம் பக்கம் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்பதும், தனுஷ்கோடிக்குப் போனால் சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிப்பதும் எல்லாருக்கும் தெரியும். கடல்மேல் ஈரக்காற்று அடுக்கடுக்காக நிற்கும் நாளில் அலைகள் வளைந்து வெகுதூரம் போகும். வானொலிக்கு அது வரம். 5ஜிக்கு, தூரத்து டவரின் அலையும் வந்து நம்முடையதில் மோதுகிற தொல்லை.

சாட்டிலைட் இணைப்பில் 36,000 கிலோமீட்டர் உயரத்துப் பழைய வகை என்றால் போய் வரவே அரை விநாடி. செஸ் ஆடலாம். 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகை வேறு ரகம், தூரக் கணக்கில் விளையாட்டுக்கு ஒத்துவரும்.

கடைசிப் படி: பணம்

நோட்டு சுத்தமானால் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி காட்டுவார்கள், தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை உங்கள் கம்பி இன்னும் பார்க்கவில்லை. முதலில் 720பி-யில் ஆடிப் பாருங்கள். கை நிறைவாக இருந்தால் 1080பி.

அக்கா வீட்டில் மொத்தச் செலவு, கேபிளும் தலைகளும் பையனுக்குக் கொடுத்ததும் சேர்த்து, ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. அன்று ராத்திரி கச்சான் பனையோலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிங் 22, 23, 24. விழுந்தது பூஜ்யம். ஸ்பீட் டெஸ்ட் 187. மருமகன் அந்த வளைவுக்கு வந்தான், திருப்பினான், கார் திரும்பியது. அதற்கடுத்த வளைவில் தானாகவே போய்ச் சுவரில் முட்டினான்.

"இது நெட்டா மாமா?" என்றான்.

"இல்ல, இது நீ."

அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்: "இப்ப போட்டோவ ஏத்தலாமா?"